கேமரா பாதையை விட்டு விலகினப்போ: 3டிமார்க் 03-ல 2003-ல நடந்தது என்ன

2003 மே மாசம். 3டிமார்க் 03-னு ஒரு கிராபிக்ஸ் பெஞ்ச்மார்க், அதாவது கார்டு எவ்ளோ வேகம்னு அளக்குற சாஃப்ட்வேர், அதுல ரெண்டாவது கேம் டெஸ்ட் ஒரு விண்கலச் சண்டை. அதை கிராபிக்ஸ் சிப் பண்ற என்விடியாவோட புது டிரைவர் (கார்டை இயக்குற சாஃப்ட்வேர்) போட்ட மெஷின்ல ஓட விட்டு, கேமராவை மட்டும் வழக்கமான பாதையில இருந்து எடுத்து கப்பலுக்கு வெளியவே வச்சுக்கிட்டுப் பார்த்தா, கொஞ்ச நேரம் நட்சத்திரமெல்லாம் சுத்தமா இருக்கு, அப்புறம் காயாத பெயிண்ட் மேல கைய வச்சு இழுத்த மாதிரி வானம் முழுக்க ஈஷிக்குது, திரும்பவும் சுத்தமாயிடுது. கேமரா வெளியவேதான் இருக்கு, ஆனா உள்ள இருந்து யாரோ ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைக்கிற மாதிரி இருக்கு.

அந்த ஸ்விட்ச் என்ன, யாரு வச்சது, எப்படிக் கண்டுபிடிச்சாங்க, அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு முழுசா எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை. பெஞ்ச்மார்க் ஸ்கோரை எப்ப நம்பலாம் எப்ப நம்பக்கூடாதுங்கிறதுக்கு இதைவிடத் தெளிவான கேஸ் எனக்குத் தெரிஞ்சு வேற இல்ல. பேரு தெரிஞ்ச கம்பெனி ஒண்ணு மாட்டுச்சுங்கிறதுக்காகச் சொல்லல. தப்பு எப்படி நடந்துச்சுங்கறதை இதுல கண்ணால பார்க்க முடியும், அதனாலதான்.

முதல்ல பின்னணி. 3டிமார்க்கை எழுதினது பின்லாந்துல இருக்கிற ஃபியூச்சர்மார்க், அதுக்கு முன்னாடி மேட்ஆனியன்னு பேரு. 2003 பிப்ரவரில 3டிமார்க் 03 வந்துச்சு. மொத்தம் நாலு கேம் டெஸ்ட், முதல் டெஸ்ட் டைரக்ட்எக்ஸ் (விண்டோஸ் கேம் கிராபிக்ஸுக்கு மைக்ரோசாஃப்ட் வச்ச தரம்) 7-ல, நடுவுல ரெண்டு டைரக்ட்எக்ஸ் 8, கடைசி டெஸ்டான 'மதர் நேச்சர்'ல மட்டும்தான் டைரக்ட்எக்ஸ் 9 ஷேடர் (படம் எப்படித் தெரியணும்னு கார்டுக்குள்ள கணக்குப் போடுற குட்டி ப்ரோகிராம்) எல்லாம் வரும், தண்ணி, இலை, புல், வானம்னு. நாலு டெஸ்ட்லயும் எத்தனை ஃபிரேம் ஓடுச்சுன்னு பார்த்து ஒரு ஃபார்முலா போட்டு ஒரே ஒரு நம்பர் குடுக்கும். அந்த ஒரு நம்பரைத்தான் எல்லாரும் ரிவ்யூல பட்டை பட்டையா வரைஞ்சு போடுவாங்க, கார்டு வாங்குறவங்களும் அதைப் பார்த்துத்தான் வாங்குவாங்க.

அந்த நேரத்துல என்விடியாவுக்கு நெருக்கடி. போட்டிக் கம்பெனியான ஏடிஐ 2002-லயே ரேடியான் 9700 ப்ரோங்கிற கார்டை விட்டு டைரக்ட்எக்ஸ் 9-ல முந்திட்டாங்க. இதுல ஒரு டெக்னிக்கல் விஷயம் புரிஞ்சுக்கணும், இல்லன்னா பின்னாடி நடந்தது புரியாது. டைரக்ட்எக்ஸ் 9 பிக்சல் ஷேடர்ல (ஒவ்வொரு புள்ளியோட நிறத்தைக் கணக்குப் போடுற ஷேடர்) முழுத் துல்லியம்னா குறைஞ்சது 24 பிட் ஃப்ளோட்டிங் பாயிண்ட், அதாவது தசம எண் கணக்கு. ஏடிஐ சிப் சரியா 24 பிட்ல கணக்குப் போடும். என்விடியாவோட ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 16 பிட்லயும் 32 பிட்லயும் போடும், நடுவுல 24 கிடையாது. அப்ப ஷேடர் முழுத் துல்லியம் கேட்டுச்சுன்னா 32-க்குப் போகணும், போனா வேகம் விழுந்துடும். 16-ல போட்டா வேகமா ஓடும், ஆனா பெஞ்ச்மார்க் கேட்டது அது இல்ல. இப்படி ஒரு இடுக்குல மாட்டின சிப் அது. 3டிமார்க் 03 வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, 2002 டிசம்பர்ல, என்விடியா ஃபியூச்சர்மார்க்கோட பீட்டா திட்டத்துல இருந்து விலகிடுச்சு, பெஞ்ச்மார்க் வெளிவந்ததும் இது உண்மையான கேம் மாதிரி எழுதப்படலன்னு வெளிப்படையா விமர்சனமும் பண்ணுச்சு. அந்த விமர்சனத்துல கொஞ்சம் நியாயம்கூட இருந்துச்சுன்னு நான் நினைக்கிறேன். ஆனா ஒரு டெஸ்ட் சரியில்லன்னு சொல்றது வேற, அதே டெஸ்ட்ல ஸ்கோரை ஏத்திக் காட்டுறது வேற.

மே மாசம் ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5900 அல்ட்ரா வருது, கூடவே டெட்டனேட்டர் எஃப்எக்ஸ் 44.03-ங்கிற டிரைவரும். ஸ்கோர் திடீர்னு நல்லா இருக்கு. அப்பதான் எக்ஸ்ட்ரீம்டெக்ங்கிற டெக் தளத்து ஆளுங்க கையில 3டிமார்க் 03-யோட டெவலப்பர் பதிப்பு இருந்துச்சு, பீட்டா திட்டத்துல இருந்தவங்களுக்கு மட்டும் கிடைக்கிற பதிப்பு அது. சாதாரணப் பதிப்புல இல்லாத ஒரு வசதி அதுல உண்டு, ஓடுற டெஸ்டை பாதியில நிறுத்திட்டு கேமராவை நம்ம இஷ்டத்துக்கு எங்க வேணா பறக்க விடலாம். சாதாரணப் பதிப்புல கேமரா தண்டவாளத்துல போற ரயில் மாதிரி, ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல திரும்பும், அதே நேரத்துல அதே பக்கம் பார்க்கும். பெஞ்ச்மார்க்குக்கு அது தேவையும்கூட, ஒவ்வொரு தடவையும் வேற வேற காட்சி ஓடுனா ரெண்டு கார்டை எப்படி ஒப்பிடுறது. ஆனா எப்பவும் ஒரே மாதிரி ஓடுற அந்தக் குணமேதான் ஓட்டையாவும் ஆச்சு.

அவங்க கேமராவைத் தண்டவாளத்தை விட்டு இறக்கினாங்க. மதர் நேச்சர் டெஸ்ட்ல கேமரா வழக்கமாப் பார்க்காத பக்கம் திருப்பினா வானம் பாதியில கத்தரிச்சு விட்ட மாதிரி நிக்குது, அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. சினிமா ஷூட்டிங்ல வீட்டுக்கு முன்பக்கச் சுவர் மட்டும் கட்டி வச்சிருப்பாங்களே, கேமரா பின்பக்கம் போனா மூங்கில் முட்டுதான் தெரியும், அதேதான். ஏடிஐ கார்டுல அதே இடத்துல கேமராவைத் திருப்பினா வானம் முழுசா இருக்கு.

மே நடுவுல இந்தச் செய்தி வெளிய வந்துச்சு. முதல்ல என்விடியா தரப்புல சொன்னது இது டிரைவர்ல இருக்கிற பிழையா, அதாவது 'பக்'கா, இருக்கலாம்னு. பக்குன்னா என்ன நடந்திருக்கணும்னு யோசிச்சுப் பாருங்க. தப்பா வெட்டுப்படுற வானம் எங்க வேணா வெட்டுப்பட்டிருக்கணும், சில நேரம் கேமரா கண்ணுலயும் மாட்டியிருக்கணும். இங்க வெட்டு விழுந்த இடம் வழக்கமான கேமரா பார்வைக்குச் சரியா ஒரு விளிம்பு அந்தப் பக்கம். தற்செயலா விழுற வெட்டு அவ்ளோ கச்சிதமா விழாது.

ஃபியூச்சர்மார்க் சும்மா இருக்கல. உள்ளுக்குள்ள ஆடிட் பண்ணி மே 23-ஆம் தேதி அறிக்கை விட்டாங்க. 44.03 டிரைவர்ல மொத்தம் எட்டு இடத்துல 3டிமார்க்கை அடையாளம் கண்டுபிடிச்சு வேலையைக் குறைச்சிருக்காங்கன்னு பட்டியல் போட்டாங்க. எட்டும் ஒரே எடை இல்ல, அதனால முக்கியமானதுல மட்டும் நின்னு பார்க்கலாம்.

டிரைவர்னா பெஞ்ச்மார்க்குக்கும் கார்டுக்கும் நடுவுல இருக்கிற மொழிபெயர்ப்பாளர். பெஞ்ச்மார்க் ஒரு வேலை சொல்லும், டிரைவர் அதைக் கார்டுக்குப் புரியுற கட்டளையா மாத்தும். அப்ப ஒவ்வொரு கட்டளையும் அது கை வழியாத்தான் போகுது. யாரு கேக்குறாங்கன்னு அதால பார்க்க முடியும், எந்த ஷேடர் வருதுன்னு பார்க்க முடியும், கேட்டதைச் செய்யாம செஞ்சுட்டேன்னு சொல்லவும் முடியும்.

முதல் விஷயம், 3டிமார்க் லோடிங் ஸ்க்ரீனையே டிரைவர் அடையாளம் வச்சிருந்துச்சு. அதைப் பார்த்ததும் ஆஹா இது 3டிமார்க்னு தெரிஞ்சுக்கிட்டு, பேக் பஃபரை க்ளியர் பண்ணுங்கிற கட்டளையைக் கண்டுக்காம விட்டுடும். லோடிங் ஸ்க்ரீனை வேற மாதிரி வரைஞ்சா டிரைவருக்கு அடையாளம் தெரியல, உடனே ஒழுங்கா க்ளியர் பண்ணுது. பேக் பஃபர்னா அடுத்த ஃபிரேமை வரையுற பலகைன்னு வச்சுக்கோங்க. ஒவ்வொரு தடவையும் பழசை அழிச்சுட்டு வரையச் சொல்றாங்க. பலகை முழுக்க புதுப் படம் மூடப்போகுதுன்னா அழிக்காம விட்டாலும் யாருக்கும் தெரியாது, அழிக்கிற வேலை மிச்சம். கப்பலுக்குள்ள கேமரா இருக்கிறப்போ சுவர் எல்லாப் பிக்சலையும் மூடிடும், பிரச்சனை இல்ல. வெளிய விண்வெளி தெரிஞ்சா அங்க மூடுறதுக்கு ஒண்ணும் இல்ல, போன ஃபிரேமோட மிச்சம் அப்படியே நிக்கும், நட்சத்திரம் ஈஷிக்கும்.

இப்ப அந்த ஸ்விட்சுக்கு வரேன். ரெண்டாவது டெஸ்ட்ல வர்ற ஒரு வெர்டெக்ஸ் ஷேடரை (உருவங்களோட மூலைப் புள்ளிகளைக் கணக்குப் போடுற ஷேடர்) டிரைவர் அடையாளம் கண்டு, எப்ப க்ளியர் பண்ணணும் எப்ப வேணாம்னு தனக்குள்ளயே எழுதி வச்ச குறிப்பைப் பார்த்து நடந்துக்குது. வழக்கமான கேமரா விண்வெளியைக் காட்டுற நேரத்துல மட்டும் ஒழுங்கா அழிக்கும், மத்த நேரத்துல அழிக்காது. ஆளு கேமராவை வெளியவே வச்சிருந்தாலும் டிரைவருக்கு அது தெரியாது, அது பழைய பாதையோட நேரத்தையே பின்பற்றிக்கிட்டு இருக்கு, அதனாலதான் ஈஷுறதும் சுத்தமாகுறதும் மாறி மாறி வந்துச்சு. இதைப் படிச்சப்போ எனக்கு உண்மையிலேயே வயித்தைப் புரட்டுச்சு. யாரோ ஒரு இன்ஜினியர் அந்த டெஸ்டை ஓட விட்டு, எந்த நேரத்துல கேமரா வெளிய பார்க்குதுன்னு பார்த்துப் பார்த்து அதுக்கேத்த மாதிரி எழுதியிருக்கணும். ஆயிரக்கணக்கான பேர் விளையாடுற எந்தக் கேமுக்கும் ஒரு பைசா பிரயோஜனம் இல்லாத உழைப்பு.

மதர் நேச்சர் வானமும் இதே கதைதான். வானத்துக்கான வெர்டெக்ஸ் ஷேடரைக் கண்டுபிடிச்சு, ரெண்டு க்ளிப் பிளேனை டிரைவரே சொருகுது. க்ளிப் பிளேன்னா ஒரு கோடு போட்டு இதுக்கு அந்தப் பக்கம் இருக்கிறதை எல்லாம் தூக்கிப் போடுன்னு கார்டுக்குச் சொல்றது. கார்டு சும்மாவே பார்வைக்கு வெளிய இருக்கிறதைக் கழிக்கும், ஆனா அதுக்கு முதல்ல கணக்குப் போட்டுப் பார்க்கணும், கேமரா எங்க இருக்கோ அதுக்கேத்த மாதிரி. இங்க கணக்கே போடல, கோடு நிலையா நிக்குது, கேமரா எங்க போகும்னு முன்னாடியே தெரிஞ்சதால விடை மட்டும் எழுதி வச்சாச்சு.

மிச்சம் இருக்கிறதுல தண்ணி, வானம், இலை இதுக்கான பிக்சல் ஷேடர்களை அடையாளம் கண்டு தூக்கிப் போட்டுட்டு டிரைவருக்குள்ள இருக்கிற வேற ஷேடரைப் போடுறது. தண்ணி ஷேடர் ஒண்ணாலயே சில மெஷின்கள்ல ஆரம்பக் காட்சியோட ஃபிரேம் ரேட் ரெண்டு மடங்குக்கு மேல ஏறுச்சுன்னு அறிக்கை சொல்லுது. மைக்ரோசாஃப்டோட ரெஃபரன்ஸ் ராஸ்டரைசர்னு ஒண்ணு உண்டு, ரொம்ப மெதுவா ஆனா விதிப்படி சரியா வரையுற சாஃப்ட்வேர், அதுல வர்ற படத்தோட ஒப்பிட்டா என்விடியா படம் வேற மாதிரி இருந்துச்சு.

அடுத்து ஃபியூச்சர்மார்க் செஞ்சதுதான் இந்த கேஸ்லயே எனக்குப் பிடிச்ச இடம். 330-ங்கிற பேட்ச் விட்டாங்க. அதுல டெஸ்ட் எதுவும் மாறல, பார்க்கிறதுக்கும் அதே, செய்யுற வேலையும் அதே. டிரைவர் எதையெதை அடையாளமா வச்சிருந்துச்சோ அதை மட்டும் கண்டுபிடிக்க முடியாத மாதிரி மாத்தினாங்க. நேர்மையான டிரைவர்னா இந்த மாற்றம் அதுக்குத் தெரியவே கூடாது, ஸ்கோர் அப்படியே இருக்கணும். என்விடியாவோட சில கார்டுகள்ல ஸ்கோர்ல 24.1 சதவீதம் வரைக்கும் வித்தியாசம் வந்துச்சு.

ஏடிஐயும் முழுசாத் தப்பிக்கல, இதைச் சொல்லாம விட்டா நியாயம் இல்ல. கேட்டலிஸ்ட் 3.4 டிரைவரோட ரேடியான் 9800 ப்ரோவுல மதர் நேச்சர் டெஸ்ட் 8.2 சதவீதம் இறங்குச்சு, மொத்த ஸ்கோர்ல 1.9 சதவீதம். ஏடிஐ உடனே ஒத்துக்கிட்டு, ஷேடர்ல இருந்த கட்டளைகளோட வரிசையை எங்க சிப்புக்கு ஏத்த மாதிரி மாத்தி வச்சோம், கணக்கு அதேதான், இருந்தாலும் அடுத்த டிரைவர்ல எடுத்துடுறோம்னு சொன்னாங்க. என்விடியா சொன்னது வேற மாதிரி, நாங்க பீட்டா திட்டத்துல இல்ல, அதுக்கு லட்சக்கணக்கான டாலர் ஆகுது, எங்க கார்டு மோசமாத் தெரியணும்னே இதை எழுதியிருக்காங்கன்னு.

ஜூன் தொடக்கத்துல என்விடியாவும் ஃபியூச்சர்மார்க்கும் சேர்ந்து ஒரு அறிக்கை விட்டாங்க. என்விடியாவோட டிரைவர் வடிவமைப்பு ஒரு குறிப்பிட்ட அப்ளிகேஷனுக்கான ஆப்டிமைசேஷன்தான், ஏமாத்து வேலை இல்லன்னு ஃபியூச்சர்மார்க் இப்ப சொல்லுது. பத்து நாள்தான் ஆகியிருக்கு. பேட்ச் அப்படியே இருக்கு, எட்டுப் பாயிண்டும் அப்படியே இருக்கு, வார்த்தை மட்டும் மாறிடுச்சு. அந்த வருஷமே நவம்பர்ல 340-ங்கிற இன்னொரு பேட்ச் விட வேண்டியதாச்சு, மறுபடி டிரைவர் அடையாளம் கண்டுபிடிக்கிறதைத் தடுக்கறதுக்காக.

ஆப்டிமைசேஷன் எது, ஏமாத்து எது

இந்த வார்த்தைச் சண்டை இன்னைக்கும் ஓயல, அதனால நான் இதை எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறேன்னு சொல்லிடுறேன். கேமுக்காக டிரைவர் டியூன் பண்றது தப்பே இல்ல. பெரிய கேம் வந்தா அதுக்குன்னே டிரைவர் விடுறாங்க, ஷேடரைக்கூட மாத்தி எழுதுறாங்க, அதை விளையாடுறவங்களுக்கு நேரடியா லாபம். ஆனா பெஞ்ச்மார்க்கை யாரும் விளையாடுறதில்ல. அந்தத் தண்ணியை ரசிக்க யாரும் கார்டு வாங்கல. அதுல வர்ற நம்பர் நாம இன்னும் விளையாடாத கேம்கள் இந்தக் கார்டுல எப்படி ஓடும்னு சொல்றதுக்காக மட்டும் இருக்கு. அந்த ஒரு டெஸ்டுக்கு மட்டும் வேலை செய்யுற டியூனிங் மத்த எந்த கேமையும் வேகமாக்காது, அப்ப அந்த நம்பர் சொல்ல வந்த விஷயத்தையே சொல்லாமப் போயிடுது.

ஏடிஐ பண்ணினது மாதிரி கணக்கு மாறாம வரிசை மட்டும் மாத்துறதை டிரைவரோட கம்பைலர் எல்லா ஷேடருக்கும் தானாவே செஞ்சா அது நல்ல ஆப்டிமைசேஷன், ஒரு ஷேடர் பேரைப் பார்த்துச் செஞ்சா தப்பு, ஆனா சின்னத் தப்பு. ஷேடரையே தூக்கிட்டு வேற போடுறது அதைவிடப் பெருசு, படமே மாறுது. க்ளிப் பிளேனுக்கும் அந்த க்ளியர் ஸ்விட்சுக்கும் எந்த விதத்துலயும் நியாயம் சொல்ல முடியாது, ஏன்னா கேமரா எந்த வழியாப் போகும்னு முன்கூட்டியே தெரிஞ்சாதான் அது வேலை செய்யும், உண்மையான கேம்ல கேமரா விளையாடுறவர் கையில இருக்கு, அங்க அதை வச்சா ரெண்டாவது நொடியிலயே வானம் அறுந்து தெரியும். எந்தக் காலத்துலயும் எந்தக் கேமுக்கும் மாத்த முடியாத ஒரு தந்திரம் அது.

கம்ப்யூட்டர் பெஞ்ச்மார்க்குகளை வகுக்குற ஸ்பெக் அமைப்போட சிபியு பெஞ்ச்மார்க் விதியில இதைச் சுருக்கமா எழுதி வச்சிருக்காங்க, கம்பைலர் (எழுதின ப்ரோகிராமை மெஷின் கட்டளையா மாத்துற சாஃப்ட்வேர்) ஆப்டிமைசேஷன் எதுவா இருந்தாலும் அது பெஞ்ச்மார்க் தொகுப்பைவிடப் பெரிய ஒரு வகை ப்ரோகிராம்களுக்குப் பிரயோஜனப்படணும்னு. ரொம்ப அடிபட்டுத்தான் இந்த விதிக்கு வந்திருப்பாங்க. அவங்களோட 1989 தொகுப்புல மேட்ரிக்ஸ்300-னு ஒரு டெஸ்ட், பெரிய மேட்ரிக்ஸ்களைப் பெருக்குறது. கம்பைலர்கள் அதைச் சின்னச் சின்னக் கட்டமாப் பிரிச்சு ப்ராசஸரோட வேகமான சின்ன மெமரியான கேஷுக்குள்ளயே அடங்குற மாதிரி மாத்தக் கத்துக்கிட்டதும் சில மெஷின்கள்ல அந்த ஒரு டெஸ்ட் பல மடங்கு வேகமாயி சராசரியையே தூக்கி விட்டுடுச்சு, அடுத்து 1992 தொகுப்புல அதை எடுத்துட்டாங்க. கட்டமாப் பிரிக்கிறது உண்மையிலேயே நல்ல டெக்னிக்தான், இன்னைக்கும் மேட்ரிக்ஸ் லைப்ரரி எல்லாம் அதைத்தான் பண்ணுது, அதனால அதை ஏமாத்துன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா ஒரு டெஸ்டால மொத்த நம்பரும் ஆடுதுன்னா டெஸ்டைத்தான் மாத்தணும்.

பேரை மாத்திப் பார்க்கிறது

330 பேட்ச்சுல இருக்கிற யோசனை என்னன்னா, மாறினாலும் ஸ்கோரைப் பாதிக்கக் கூடாத ஒண்ணை மாத்திப் பாரு, ஸ்கோர் நகர்ந்தா யாரோ உன்னை அடையாளம் பார்க்கிறாங்கன்னு அர்த்தம். அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் பிடிபட்ட கேஸ் எல்லாத்துலயும் இதேதான் நடந்திருக்கு, எனக்கு இதுல இருக்கிற எளிமை ரொம்பப் பிடிக்கும், பெரிய லேப் எல்லாம் வேணாம்.

2001-ல ஏடிஐ ரேடியான் 8500. ஹார்டுஓசிபிங்கிற ஹார்டுவேர் தளத்து ஆளுங்க குவேக் 3 கேமோட ப்ரோகிராம்ல குவேக்னு இருக்கிற இடத்தையெல்லாம் குவாக்னு மாத்தி ஓட விட்டாங்க. ஆங்கிலத்துல ரெண்டே எழுத்து மாத்தம். ஸ்கோர் இறங்கிடுச்சு, ஆனா படத்தோட டெக்ஸ்சர் (உருவங்கள் மேல ஒட்டுற படம்) தரம் ஏறிடுச்சு. டிரைவர் ப்ரோகிராம் பேரைப் பார்த்து டெக்ஸ்சர் தரத்தைக் குறைச்சு வேகம் காட்டியிருக்கு. அதே ஏடிஐ ரெண்டு வருஷம் கழிச்சு 2003-ல பெரும்பாலும் சுத்தமா இருந்ததுக்கு இந்த அவமானமும் ஒரு காரணமா இருந்திருக்கும்னு நான் நம்புறேன்.

அப்புறம் இந்தப் பழக்கம் போனுக்கு வந்துச்சு. 2013 ஜூலைல ஆனந்த்டெக்ங்கிற டெக் தளம் ஒரு விஷயத்தைப் போட்டு உடைச்சாங்க, எக்ஸினோஸ் சிப் போட்ட சாம்சங் கேலக்ஸி எஸ்4-ல சில பெஞ்ச்மார்க் ஆப்புக்கு மட்டும் ஜிபியு 532 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகுது, மத்த கேமுக்கு 480-தான். உள்ள ப்ரோகிராம் கோடைப் பார்த்தா ஆப் பேரு வரிசையா எழுதியிருக்கு, கூடவே பெஞ்ச்மார்க்பூஸ்டர்னு ஒரு வார்த்தை. மறைக்கணும்னுகூடத் தோணல போல. அந்த வருஷக் கடைசில நோட் 3 வந்தப்போ ஆர்ஸ் டெக்னிக்கா தளம் கீக்பெஞ்ச்ங்கிற பெஞ்ச்மார்க் ஆப்பையே பேரு மாத்தி ஸ்டெல்த்பெஞ்ச்னு போட்டு ஓட விட்டாங்க, ஸ்கோர் சட்டுன்னு இறங்குச்சு. 2018-ல 3டிமார்க்கை வச்சிருந்த யுஎல் நிறுவனம் கடையில கிடைக்கிற ஆப்பையும் தங்ககிட்ட மட்டும் இருக்கிற பேரு மாத்தின ஆப்பையும் ஹுவாவே போன்கள்ல ஓட விட்டுப் பார்த்தா, தெரிஞ்ச ஆப்ல ஸ்கோர் 47 சதவீதம் வரைக்கும் அதிகம். பி20, பி20 ப்ரோ, நோவா 3, ஹானர் ப்ளே, நாலையும் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க.

2022-ல வந்தது தலைகீழ். சாம்சங்கோட கேம் ஆப்டிமைசிங் சர்வீஸ், சுருக்கமா ஜிஓஎஸ், சூடாகாம இருக்கணும்னு ஏராளமான ஆப்களோட வேகத்தை அடக்கி வச்சுது, ஆனா பெஞ்ச்மார்க் ஆப்பைத் தொடல. இங்க பெஞ்ச்மார்க்கை யாரும் ஏத்தி விடல, மத்த எல்லாத்தையும் இறக்கி விட்டிருக்காங்க. கண்டுபிடிச்ச வழி மட்டும் அதே பழைய வழி, பெஞ்ச்மார்க் ஆப்போட பேக்கேஜ் பேரை ஒரு பிரபல கேமோட பேரா மாத்தி ஓட விட்டாங்க, ஸ்கோர் சரிஞ்சுது. கீக்பெஞ்ச் தன்னோட பட்டியல்ல இருந்து எஸ்10, எஸ்20, எஸ்21, எஸ்22 நாலு வரிசையையும் எடுத்துடுச்சு. போன் சூடாகக்கூடாதுன்னு வேகத்தைக் குறைக்கிறதுல எனக்கு எந்த வருத்தமும் இல்ல, அதை பெஞ்ச்மார்க்குக்கும் சேர்த்துச் செஞ்சிருந்தா யாரும் கேள்வி கேட்டிருக்க முடியாது.

கடைசியா 2024 பிப்ரவரி. ஸ்பெக் அமைப்பு 2,600-க்கும் மேற்பட்ட சிபியு 2017 ரிசல்ட்டை இனி செல்லாதுன்னு குறிச்சுது. இன்டெல் கம்பைலரோட சில பதிப்புகள் ஸாலன்பிஎம்கேங்கிற எக்ஸ்எம்எல் டெஸ்டோட ப்ரோகிராம் கோடையும் டேட்டாவையும் முன்கூட்டியே தெரிஞ்சு வச்சுக்கிட்டு அதுக்குன்னே கம்பைல் பண்ணுதுன்னு காரணம் சொன்னாங்க. கிராபிக்ஸ் கார்டு இல்ல, போன் இல்ல, சர்வர்ல ஓடுற சீரியஸான டெஸ்ட். இருபத்தோரு வருஷம் கழிச்சும் கேமரா பாதையை முன்னாடியே தெரிஞ்சு வச்ச அதே கதை.

நம்ம மெஷின்ல

ஏமாத்து இல்லாத இடத்துலயும் இந்த மாத்திப் பார்க்கிற பழக்கம் உதவும். உதாரணத்துக்கு எஸ்எஸ்டி, அதாவது சிப்ல டேட்டாவைச் சேமிக்கிற டிஸ்க். சாண்ட்ஃபோர்ஸ் கன்ட்ரோலர் போட்ட எஸ்எஸ்டிகள் ஒரு காலத்துல நிறைய வந்துச்சு, அது எழுத வர்ற டேட்டாவைச் சுருக்கி எழுதும். ஏட்டோ பெஞ்ச்மார்க் சுலபமா சுருங்குற டேட்டாவை அனுப்பும், அதுல வேகம் அள்ளும். ஏஎஸ் எஸ்எஸ்டி பெஞ்ச்மார்க் சுருங்காத டேட்டாவை அனுப்பும், அதுல எழுதுற வேகம் கீழ வந்துடும். டப்பாவுல ஏட்டோ நம்பரைப் போட்டுக்குவாங்க. கன்ட்ரோலர் யாரையும் ஏமாத்தல, சுருங்குற டேட்டா வந்தா உண்மையிலேயே அது வேகம்தான், ஆனா நம்ம வீடியோவும் போட்டோவும் ஏற்கனவே சுருங்கினது, அதுக்கு ரெண்டாவது நம்பர்தான் பொருந்தும். கிறிஸ்டல்டிஸ்க்மார்க்ங்கிற இன்னொரு டிஸ்க் பெஞ்ச்மார்க்லயும் டேட்டாவை ரேண்டமா வைக்கலாம், எல்லாம் பூஜ்யமாவும் வைக்கலாம், ரெண்டுலயும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க.

அதே கிறிஸ்டல்டிஸ்க்மார்க்ல டெஸ்ட் ஃபைல் சைஸ் வழக்கமா 1 ஜிபி. இப்போதைய எஸ்எஸ்டி நிறையவற்றுல எஸ்எல்சி கேஷ்னு ஒரு பகுதி உண்டு, ஒரு செல்லுக்கு ஒரு பிட் மட்டும் எழுதி வேகம் காட்டுற இடம், 1 ஜிபி அதுக்குள்ள தாராளமா அடங்கிடும். சைஸை 64 ஜிபி வரைக்கும் ஏத்தலாம். ஏத்தினதும் எழுதுற வேகம் சட்டுன்னு கீழ விழுந்தா அந்தக் கேஷ் தீர்ந்துடுச்சுன்னு அர்த்தம். சின்ன ஃபைல் மட்டும் எழுதுறவங்களுக்கு அது பிரச்சனையே இல்ல, பெரிய வீடியோ காப்பி பண்றவங்களுக்குப் பிரச்சனை. ஒண்ணு, எஸ்எஸ்டில எழுதுறதுக்கு ஆயுள் கணக்கு இருக்கு, அதனால 64 ஜிபி டெஸ்டை ஒண்ணு ரெண்டு தடவை பண்ணுங்க, தினம் பண்ணாதீங்க.

சிபியுல நேரத்தை மாத்திப் பாருங்க. ப்ராசஸர் ஆரம்பத்துல கொஞ்ச நேரம் நிறைய பவர் எடுத்து வேகமா ஓடிட்டு அப்புறம் நிலையான அளவுக்கு இறங்குற மாதிரித்தான் நிறைய மெஷின் அமைச்சிருக்காங்க, லேப்டாப்ல இது இன்னும் தெளிவாத் தெரியும். டெஸ்ட் அரை நிமிஷத்துல முடிஞ்சா நாம அந்த வேகமான பகுதியை மட்டும்தான் அளந்திருக்கோம். சினிபெஞ்ச் ஆர்23-ங்கிற சிபியு பெஞ்ச்மார்க்ல வழக்கமான ஓட்டமே பத்து நிமிஷம்னு வச்சது இதனாலதான் நல்ல முடிவுன்னு சொல்வேன். முதல் சுத்து ஸ்கோரையும் பத்து நிமிஷம் கழிச்சு வர்ற ஸ்கோரையும் பக்கத்துல பக்கத்துல எழுதி வைங்க, கூடவே எச்டபிள்யுஇன்ஃபோங்கிற டூலைத் திறந்து வச்சு க்ளாக்கும் டெம்பரேச்சரும் எப்படிப் போகுதுன்னு பாருங்க. ரெண்டு ஸ்கோருக்கும் நடுவுல பெரிய இடைவெளி இருந்தா கூலர் பத்தலயா, பவர் லிமிட்டா, ரெண்டும் சேர்ந்தான்னு அந்த க்ராஃப்லயே தெரிஞ்சுடும்.

கிராபிக்ஸ் கார்டுக்கு ஃப்ரீ கேமரா எல்லாம் நமக்குக் கிடைக்காது. அதுக்குப் பதிலா கேமுக்குள்ள இருக்கிற பெஞ்ச்மார்க்கை ஒரு தடவை ஓட்டிட்டு, அதே செட்டிங்ல அதே கேமை அரை மணி நேரம் விளையாடி ஃபிரேம் டைமை (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஆகுற நேரம்) பதிவு பண்ணிப் பாருங்க, ப்ரெசென்ட்மான் மாதிரி இலவச டூல் இருக்கு. பெஞ்ச்மார்க் காட்சி லேசானதா இருக்கலாம், விளையாடுற இடம் கனமா இருக்கலாம், அதனால நம்பர் ஒண்ணா வராது, அது சகஜம். நான் ரெண்டு கார்டை ஒப்பிடுறப்போ பார்க்கிறது வேற: பெஞ்ச்மார்க்ல முந்துற கார்டு விளையாடுறப்பவும் முந்துதா, அதே அளவுக்கு முந்துதா. பெஞ்ச்மார்க்ல ரொம்ப முன்னாடி, விளையாட்டுல ரெண்டும் பக்கத்துல பக்கத்துலன்னு வந்தா, அந்தக் கார்டோட டிரைவர் பதிப்பைக் குறிச்சு வச்சுட்டு, வேற பதிப்பு போட்டு மறுபடி ஓட்டிப் பார்ப்பேன்.